நீல வரப்பு, மஞ்சள் மொட்டு: பாரில் பார்த்த கடல் நத்தையை அடையாளம் காண, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் வளைகுடா, இலங்கைக் கரைகள், லட்சத்தீவு, அந்தமான், மாலத்தீவு என்று எங்கே முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தாலும், பாறைமேல் கண்ணைப் பறிக்கும் ஓர் உயிர் உண்டு. கறுப்பு உடம்பு, நீளவாக்கில் நீல வரப்புகள், வரப்புமேல் வரிசையாக மஞ்சள் மொட்டுகள். இதன் அறிவியல் பெயர் ஃபில்லிடியா வாரிகோசா. இதைப் பார்த்தவர்களும் படம் எடுத்தவர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர் வாய்மொழியிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுக்கு அதே சொல்லையே பயன்படுத்துகிறோம்.

1. இது என்ன, கடல் அட்டையா, புழுவா, நத்தையா?

நத்தை. ஓடு இல்லாத கடல் நத்தை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சின்னதாக ஓர் ஓடு இருக்கும். பாறையில் குடியேறி உருமாறும்போது அதை உதறிவிடும். இந்தக் கூட்டத்துக்கு நியூடிபிராங்க் என்று பெயர். ‘மூடாத செவுள்’ என்பது அதன் பொருள்.

‘கடல் அட்டை’ என்ற பெயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தமிழில் அந்தப் பெயர் முள்தோலிகள் இனத்தைச் சேர்ந்த வேறோர் உயிருக்கு, அதாவது உலர்த்தி ஏற்றுமதி செய்யப்பட்டதற்கு உரியது. இந்தியாவில் அதைப் பிடிக்க 2001 முதல் தடை இருக்கிறது. ‘பாரில் வண்ண வண்ணமாகக் கடல் அட்டை பார்த்தேன்’ என்று எழுதினால் படிப்பவருக்குத் தோன்றுவது முற்றிலும் வேறு ஓர் உயிர்.

2. நீலம், மஞ்சள், கறுப்பு மூணும் இருந்தா அது வாரிகோசாதானே?

இல்லை. அதிகம் நடக்கும் பிழை இதுதான். அதே மூன்று நிறத்தில் இன்னும் சில இனங்கள் உண்டு. நிறம் உங்களைச் சரியான தெருவுக்குக் கொண்டு வந்து விடும்; வீட்டைக் கண்டுபிடிக்க உறுப்புகளைப் பார்க்க வேண்டும்.

வாரிகோசாவுக்கு இவை எல்லாம் ஒத்துவர வேண்டும். முதுகில் நீளவாக்கில் மூன்று முதல் ஆறு நீலம் கலந்த சாம்பல் வரப்புகள், இடையே கறுப்பு வாய்க்கால்கள். வரப்புமேல் இருக்கும் மொட்டுகளின் நுனி மட்டும் மஞ்சள், அடி நீலம். தலைப்பக்கம் இருக்கும் இரண்டு மோப்பக் கொம்புகளும் பொன்மஞ்சள். உடம்பைச் சுற்றிலும் ஓரத்தில் சிறு மொட்டுகள். அடிப்பாதம் சாம்பல், அதன் நடுவே முன்னிருந்து பின்வரை ஒரே கறுப்புக் கோடு. வளர்ந்தது வழக்கமாக 5 முதல் 7 செ.மீ. நீளம், 10 செ.மீ.யைத் தொடுவதும் உண்டு.

பெயரை நினைவில் வைக்க ஒரு வழி: காலில் நரம்பு புடைத்துக்கொள்வதை ‘வெரிகோஸ்’ என்கிறோமே, அதே சொல்தான் வாரிகோசா. முதுகில் புடைத்த நீல நரம்பு மாதிரி இருப்பதால் 1801-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் வைத்த பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

3. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. தலை எது, வால் எது?

கொம்பு இருக்கும் பக்கம் தலை. இரண்டு மஞ்சள் குச்சிகள், முதுகின் மேல்புறத்திலிருந்து நிமிர்ந்து நிற்கும். கிட்டத்தில் பார்த்தால் மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்த மாதிரி குறுக்கு வரிகள் தெரியும். தண்ணீரில் கரைந்து வரும் வாசனையை அது இந்தத் தகடுகளால்தான் அறிகிறது. கண் என்று சொல்லத்தக்கது வெளியே எதுவும் தெரியாது.

கொம்பையே காணோம் என்றால் நீங்கள் மிக அருகில் போயிருக்கிறீர்கள். அலையடித்தாலோ நிழல் விழுந்தாலோ கொம்பை அதற்கான குழிக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரு கை நீளம் பின்வாங்கி, துடுப்பை ஆட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று வெளியே வரும்.

பின்பக்கத்தை உறுதிசெய்ய இன்னொரு குறி உண்டு. முதுகின் பின்முனைக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில், மொட்டைப் போலவே ஒன்று நிற்கும். ஆனால் அதன் உச்சியில் துளை இருக்கும். அது மலத்துளை. இது முதுகில் இருப்பதே ஓர் அடையாளம், 5-ஆம் பதிலில் இது மறுபடி வரும்.

4. மத்த படங்கள்ல முதுகுல பூ மாதிரி விரிஞ்சிருக்கே. என்னோடதுல அது இல்லை, அடிபட்டிருக்குமா?

அடிபடவில்லை. அந்தப் பூ, செவுள். குரோமோடோரிஸ், கோனியோபிராங்கஸ் போன்ற வழவழப்பான வண்ண நத்தைகளுக்கு அது முதுகின் பின்புறம் வட்டமாக விரிந்திருக்கும். ஃபில்லிடியா குடும்பத்துக்கு முதுகில் செவுளே கிடையாது. முதுகை மூடியிருக்கும் தடித்த தோலைப் போர்வை என்கிறோம். அதன் ஓரத்துக்கும் பாதத்துக்கும் இடையில் உள்ள பள்ளத்தில், இரு பக்கமும் சின்னச் சின்ன ஏடுகளாக வரிசை கட்டியிருக்கும். பக்கவாட்டில் தாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே முதல் பிரிப்பு மிகச் சுலபம். முதுகில் செவுள்பூ இருந்தால் குரோமோடோரிஸ் பக்கம் தேடுங்கள். முதுகெங்கும் விரல் விரலாக, அசைந்தாடும் நீட்சிகள் இருந்தால் ஏயோலிட் கூட்டம். இரண்டும் இல்லாமல், முதுகு கரடுமுரடாக மொட்டு வைத்து, உடம்பு விறைப்பாக இருந்தால் ஃபில்லிடியா குடும்பம். அந்த விறைப்புக்குக் காரணம் போர்வைக்குள் நெருக்கமாகப் பொதிந்திருக்கும் சுண்ணாம்பு ஊசிகள். இந்தக் குடும்பத்துக்கு நாக்கில் பல்தகடும் இல்லை. கடற்பஞ்சின்மேல் செரிமானச் சாறை விட்டுக் கரைத்து உறிஞ்சித்தான் தின்கிறது.

5. வாரிகோசாவையும் செலஸ்டிஸையும் எப்படிப் பிரிக்கிறது? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

இந்த இரண்டில்தான் நன்கு பழகியவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ஃபில்லிடியா செலஸ்டிஸுக்கும் நீல நிலம், கறுப்புப் பட்டை, மஞ்சள் மொட்டு, மஞ்சள் கொம்பு எல்லாம் உண்டு. முதலில் முதுகின் நடுக்கோட்டைப் பாருங்கள். செலஸ்டிஸில் நடுவே ஓடும் கறுப்புப் பட்டைமேலேயே பெரிய மஞ்சள் மொட்டுகள் உட்கார்ந்து அந்தப் பட்டையை அங்கங்கே மறிக்கும். வாரிகோசாவில் மொட்டுகள் நீல வரப்பின்மேல் இருக்கும், கறுப்பு வாய்க்கால் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். இரண்டாவது, மொத்தத் தோற்றம். செலஸ்டிஸில் மொட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, நீலம் அகலமாகப் பரந்திருக்கும், கறுப்புப் பட்டை மூன்றுக்குமேல் போகாது. வாரிகோசாவில் மொட்டுகள் நெருக்கம், வாய்க்கால்கள் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் கோடுகள் உடைந்து சிதறும்.

மூன்றாவதுதான் முடிவான சாட்சி: அடிப்பாதம். வாரிகோசாவுக்கு நடுவே கறுப்புக் கோடு உண்டு, செலஸ்டிஸுக்கு இல்லை. ஆனால் பாதக் கோடு இருந்தாலே வாரிகோசா என்று முடித்துவிடவும் கூடாது. ஃபில்லிடியா எலிகன்ஸுக்கும் பாதத்தில் கறுப்புக் கோடு உண்டு. அதன் முதுகு நீலமாக இராமல் இளஞ்சிவப்பு கலந்த வெண்சாம்பலாக இருக்கும் என்பதால் முதுகையும் பாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் எடுத்த படமென்றால் ஃபில்லிடியா பிக்டாவையும் கணக்கில் கொள்ளுங்கள். அதற்கு மலத்துளை முதுகில் இராது, அடிப்புறம் போர்வைக்கும் பாதத்துக்கும் இடையே இருக்கும். 3-ஆம் பதிலில் சொன்ன துளை மொட்டை முதுகில் தேடச் சொல்வது இதற்காகத்தான். செங்கடலின் ஃபில்லிடியா ருப்பெல்லிக்கும் துளை அடியில்தான்; போர்வையைச் சுற்றி ஓடும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு விளிம்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

6. பாதம்தான் முக்கியம்னா, அதைப் புரட்டிப் பார்த்துடலாமா?

வேண்டாம். அது பாறையை வலுவாகப் பிடித்திருக்கும். இழுத்தால் பாதத்தின் ஓரம் கிழியும். பிய்த்து எடுத்து விட்டுவிட்டால் நீரோட்டம் அதைத் தன் இரையான கடற்பஞ்சு இல்லாத மணலில் கொண்டுபோய்ப் போடும். அங்கிருந்து அதே பாறைக்கு ஊர்ந்து திரும்ப அதற்கு வேகம் கிடையாது. தேசியப் பூங்கா எல்லைக்குள் தொடுவதே சட்டப்படி குற்றமாகலாம்.

காத்திருந்தால் அதுவே காட்டும். ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு இடுக்கைத் தாண்டும்போது உடம்பின் முன்பாதியைத் தூக்கி நீட்டித் துழாவும். அந்தச் சில நொடி, சாம்பல் பாதமும் அதில் மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடும் நன்றாகத் தெரியும். நத்தை போகும் திசையில் இடுக்கோ விளிம்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதற்கு முன்னால், அதைவிடத் தாழ்வாகக் கேமராவை வைத்துக் காத்திருங்கள். விளிம்பு இல்லையென்றால் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். முதுகுப் படம் நன்றாக இருந்தாலே 5-ஆம் பதிலின் முதல் இரண்டு குறிகளை வைத்துப் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம்.

7. நீலமே இல்லை. கறுப்பு உடம்பு, இளஞ்சிவப்பு மொட்டு. இது என்ன?

முதலில் கொம்பின் நிறத்தைப் பாருங்கள். ஃபில்லிடியாவுக்கு மஞ்சள். கறுப்பாக இருந்தால் நீங்கள் ஃபில்லிடியெல்லா என்ற அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

அதில் மிகப் பரவலானது ஃபில்லிடியெல்லா புஸ்டுலோசா. மொட்டுகள் தனித்தனிக் கொத்துகளாக, இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டியிருக்கும். இளஞ்சிவப்பு சில சமயம் வெளிறிப் பச்சை கலந்த வெள்ளையாகவும் ஆகும். இந்த ஒரே பெயரின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் படத்தை மட்டும் வைத்து ‘புஸ்டுலோசா கூட்டம்’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கொத்தாக இராமல் இளஞ்சிவப்பு நீள வரப்புகளாக ஓடி, முன்னும் பின்னும் ஒன்றோடொன்று வளைந்து சேர்ந்தால் அது ஃபில்லிடியெல்லா செய்லானிக்கா. பெயரிலேயே ஊர் இருக்கிறது: சிலோன். இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடரிக் கெலார்ட் 1859-இல் அங்கிருந்து விவரித்த இனம் இது. முத்துச்சிப்பியை ஆராய அரசு அமர்த்திய அதே கெலார்ட்தான், போகிற போக்கில் இலங்கையின் ஓடில்லா நத்தைகள் பலவற்றுக்கும் முதன்முதலில் பெயர் வைத்தவர். நம் கடலின் இனங்களைப் பார்க்கும்போது இந்தப் பெயரை நினைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பொறி ஃபில்லிடியோப்சிஸ் கிரெம்ஃபி. புஸ்டுலோசாவை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். கொம்பு முழுக்கக் கறுப்பாக இராமல் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய வாயருகே உள்ள இரண்டு சிறு உணர்கொம்புகளைப் பார்க்க வேண்டும். ஃபில்லிடியோப்சிஸ் இனங்களுக்கு அவை ஒன்றாக ஒட்டியிருக்கும், ஃபில்லிடியாவுக்கும் ஃபில்லிடியெல்லாவுக்கும் தனித்தனி.

8. முழுசா மஞ்சள், அதுல கறுப்பு வளையம். இதுவும் அதே குடும்பமா?

ஆம், ஃபில்லிடியா ஒசெல்லாட்டா. பொன்மஞ்சள் நிலத்தில் வெள்ளை விளிம்பு கட்டிய கறுப்பு வளையங்கள். வளையங்களின் எண்ணிக்கையும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலவற்றில் வளையம் உடைந்து வெறும் கறுப்புத் திட்டாக நிற்கும். நிறம் எவ்வளவு மாறினாலும் இந்த இனத்தைத் தவறவிடுவது கடினம்.

9. கண்ணால பார்க்கும்போது சாம்பல் மொட்டு, வீட்ல வந்து படத்தைப் பார்த்தா இளஞ்சிவப்பு. எதை நம்புறது?

ஃபிளாஷ் அல்லது டார்ச் வெளிச்சத்தில் எடுத்ததை நம்புங்கள். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். இன்னும் இறங்க இறங்க ஆரஞ்சும் பிறகு மஞ்சளும் போகும். இளஞ்சிவப்பிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீலச் சாம்பல். அதனால்தான் 12 மீட்டரில் இயற்கை ஒளியில் பார்த்த எலிகன்ஸை வாரிகோசா என்றே பலரும் எழுதிவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஃபிளாஷ் கிட்டத்தில் முழு வலுவோடு அடித்தால் மொட்டின் மஞ்சள் நுனி வெளுத்து வெள்ளையாகிவிடும். அடையாளமே அந்த நுனியில்தான் இருக்கிறது. ஃபிளாஷ் வலுவைப் பாதியாகக் குறைத்து, அதன் முகத்தில் ஒளியைப் பரப்பும் வெள்ளை மட்டை மாட்டிக்கொள்ளுங்கள். படத்தை அங்கேயே பெரிதாக்கி, மொட்டின் நுனியில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். கணினியில் நிறத்தை ஏற்றி இறக்கிய படத்தை அடையாளம் கேட்டு அனுப்பாதீர்கள். தொடாத மூலப் படத்தையே அனுப்புங்கள்.

10. எத்தனை படம் எடுத்தா போதும்? எந்தக் கோணம்?

நான்கு போதும், ஆனால் நான்கும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்று, நேர் மேலிருந்து முழு முதுகு, ஓரம் வெட்டுப்படாமல். இரண்டு, கொம்புகளின் கிட்டப்படம். மூன்று, பக்கவாட்டில் பாறை மட்டத்திலிருந்து, போர்வையின் அடி ஓரமும் செவுள் வரிசையும் தெரிய. நான்கு, அது இருக்கும் இடம், ஒரு முழத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்த்து; எந்தக் கடற்பஞ்சின்மேல் இருந்தது என்பது இதில்தான் பதிவாகும். பாதம் கிடைத்தால் ஐந்தாவது.

கூர்மையை எப்போதும் கொம்பில் வையுங்கள். மேலிருந்து எடுக்கும் படத்துக்கு மட்டும் முதுகின் நடுவில். லென்ஸ் மாற்றும் கேமராவில் துளை எஃப் 11 முதல் 16 வரை, வேகம் 1/125 முதல் 1/200 வரை, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கினால் கொம்பு முதல் வால் வரை ஓரளவு தெளிவாக வரும். ஃபிளாஷை லென்ஸுக்கு நேர்மேலே வைத்தால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்த மாதிரி விழும், பக்கவாட்டில் விலக்கி வையுங்கள். அளவுக்கு, எழுதும் பலகையின் விளிம்பில் சென்டிமீட்டர் கோடு கிழித்துப் பக்கத்தில் பிடித்தால் போதும். கண்ணளவில் சொல்லும் நீளத்தை நம்ப முடியாது, முகமூடிக் கண்ணாடி எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டும்.

11. நான் பார்த்தது ஓரத்தை அலை மாதிரி ஆட்டி நீந்திப் போச்சு. வாரிகோசா நீந்துமா?

நீந்தாது. அந்த விறைப்பான உடம்பால் முடியாது. நீங்கள் பார்த்தது தட்டைப்புழு. காகிதம்போல் மெல்லியதாக, ஓரம் சுருங்கி விரிந்து பாறை மேடுபள்ளத்தோடு ஒட்டிப் போகும். முன்னால் கொம்பு மாதிரி தெரிவது உண்மையில் உடம்பின் முன்விளிம்பு இரண்டிடத்தில் மடிந்து நிற்பதுதான். தகடு அடுக்கிய வரிகள் அதில் இருக்காது. செவுளும் எங்கும் இராது.

பெரும்பாலானவற்றை இதை வைத்தே ஒதுக்கிவிடலாம். சூடோசெரஸ் இமிட்டேட்டஸ் மட்டும் கொஞ்சம் சோதிக்கும். புஸ்டுலோசாவை அப்படியே பார்த்து வரைந்த மாதிரி முதுகில் புடைப்புகள்கூட வைத்திருக்கும் இந்தத் தட்டைப்புழு 1994-இல்தான் விவரிக்கப்பட்டது. விஷமுள்ளதன் உடையை உடுத்திக்கொண்டு மீன்களிடமிருந்து தப்பிக்கும் வேலை. இங்கேயும் கொம்பையும் உடம்பின் தடிமனையும் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

12. நீலம், மஞ்சள் மொட்டு எல்லாம் இருக்கு, ஆனா உடம்பு உருண்டையா, கொம்பே இல்லை. அரை மணி நேரம் காத்திருந்தும் வரலை.

வராது. அது உண்மையிலேயே கடல் அட்டை. பியர்சனோதூரியா கிரஃபியின் குஞ்சு, சில செ.மீ. நீளத்தில் இருக்கும்போது வெண்ணீல உடம்பு, கறுப்புக் கோடு, மஞ்சள் முனைகள் என்று வாரிகோசாவைப் போலவே இருக்கும். வளர்ந்த பின் பழுப்புப் புள்ளி நிறத்துக்கு மாறி, ஒரு முழ நீளத்துக்கு வந்துவிடும். தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்தால் ஓர் இனம் என்று நம்ப முடியாது.

பிரிக்கும் வழி: நீட்டவாக்கில் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி உருண்ட உடம்பு, அகலமான தட்டைப் பாதம் இல்லை, அடியில் நூற்றுக்கணக்கான சிறு குழாய்க்கால்கள், முன்முனையில் மண்ணைத் தடவித் தின்னும் வாய்ச்செண்டு. 1-ஆம் பதிலில் சொன்ன தடை இதற்கும் பொருந்தும், தொடாதீர்கள்.

13. தொட்டா விஷமா?

தோலில் பட்டால் ஆபத்தான உயிராக இது அறியப்படவில்லை. கொட்டும் முள்ளும் கிடையாது. ஆனால் சீண்டினால் வெளியிடும் சளி மீன்களுக்கும் நண்டு, இறால் வகைக்கும் கொடிய விஷம், நாற்றமும் உண்டு. தெரியாமல் கை பட்டுவிட்டால் கண்ணிலோ வாயிலோ வைக்காமல் நன்றாகக் கழுவுங்கள். தின்னும் பொருள் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த விஷத்தை அது தானாகச் செய்வதில்லை என்பதுதான் வியப்பு. தின்னும் கடற்பஞ்சிலிருந்து எடுத்துத் தோலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஹவாயில் பிடித்த வாரிகோசாவின் சளியிலிருந்தும் அது மேய்ந்த கடற்பஞ்சிலிருந்தும் ஒரே ஐசோசயனைடு சேர்மம் 1970-களில் பிரித்தெடுக்கப்பட்டது. பூபுகேயா என்ற இடத்தின் பெயரால் அந்த மூலக்கூறின் கட்டமைப்பு ‘பூபுகேயனேன்’ என்றே வழங்குகிறது. பகலில், வெட்டவெளியில், ஒளியாமல் அது ஊர்ந்து போகும் தைரியம் இங்கிருந்து வருவது. நீலமும் மஞ்சளும் எச்சரிக்கைப் பலகை.

14. வலையில கல்லோட வந்துச்சு. வாளியில மீனோட போட்டேன், மீன் எல்லாம் செத்துப்போச்சு. தொட்டியில தனியா வளர்க்கலாமா?

வாளியில் நடந்ததற்குக் காரணம் 13-ஆம் பதிலில் இருக்கிறது. திறந்த கடலில் சளி கரைந்து போய்விடும், 10 லிட்டர் தண்ணீரில் போக இடமில்லை. வலையில் வந்தால் தனிப் பாத்திரத்தில் கடல்நீர் விட்டு, நிழலில் வைத்து, முடிந்த விரைவில் எடுத்த பாருக்கே திருப்பி விடுங்கள்.

தனித் தொட்டியிலும் வேண்டாம். அது தின்பது குறிப்பிட்ட சில கடற்பஞ்சுகளை மட்டுமே. மீன்தீனி, பாசி, வேறு கடற்பஞ்சு எதையும் தொடாது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்து மெலிந்து சாகும். செத்தபின் தொட்டித் தண்ணீரையும் கெடுக்கும். கடைகளில் ‘பராமரிப்பு எளிது’ என்று விற்றாலும் வாங்க வேண்டாம்.

15. எங்கே, எப்போ போனா பார்க்கலாம்?

ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து ஹவாய் வரை பரந்த இனம் இது. நம் கரையில் ஓதத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் அதிகம் இல்லாததால் பாறைக் குட்டைகளில் கிடைப்பது அரிது. தண்ணீருக்குள் இறங்கத்தான் வேண்டும். வெளிச்சம் படும் ஆழத்திலேயே, பாறைச் சரிவுகளிலும் கடற்பஞ்சு படர்ந்த மேல்விளிம்புகளிலும் தேடுங்கள். மணற்பரப்பில் நேரம் செலவிட வேண்டாம்.

இலங்கையில் திருகோணமலை, புறாத்தீவுப் பக்கம் சித்திரை முதல் புரட்டாசி வரை கடல் அமைதியாக இருக்கும். ஹிக்கடுவை, உனவட்டுன போன்ற தென்மேற்குக் கரைக்குக் கார்த்திகை முதல் பங்குனி வரை. மன்னார் வளைகுடாவில் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் கலங்கிவிடும். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளுக்குள் போக முடியாது, அதை முதலில் கவனியுங்கள்.

16. பக்கத்துல வெள்ளை ரிப்பன் சுருட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. அதோட முட்டையா?

ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை நாடாவாக இருக்கும். ஆனால் வாரிகோசாவினுடையதுதான் என்று பக்கத்தில் இருந்ததை வைத்துச் சொல்ல முடியாது. நாடா வெளியே வந்துகொண்டிருக்கும்போதே படம் எடுத்தால் மட்டுமே அது சாட்சி. ஒவ்வொன்றும் ஆண் பெண் இரண்டும் சேர்ந்த உடம்பு. இனப்பெருக்கத் துளை வலப்பக்கம் முன்புறம் இருப்பதால், எதிரெதிராக நின்று வலப்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டைக் கண்டால் அது சண்டை அல்ல, கூடல்.

17. செயலி வாரிகோசான்னு சொல்லுது, பழைய புத்தகத்துல வேற பேர் இருக்கு. எது சரி?

செயலி தரும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீல மஞ்சள் நத்தை எதைக் காட்டினாலும் அதிகம் படம் எடுக்கப்பட்ட இனத்தின் பெயர் முன்னால் வருவது இயல்பு. பாதத்தையும் மலத்துளையையும் அது கேட்டுப் பார்ப்பதில்லை. 2, 3, 5-ஆம் பதில்களில் உள்ள குறிகளை நீங்களே ஒப்பிட்டுவிட்டுப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

பெயர் மாறியிருப்பதற்குக் காரணம் வேறு. ஃபில்லிடியா டிரைலினியாட்டா, ஃபில்லிடியா அரபிக்கா என்றெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் தனித்தனியாகப் பெயர் வைத்தவை பிற்பாடு வாரிகோசாவே என்று தெரியவந்தன. ஃப்ரையேரியா என்ற பேரினத்தையும் இப்போது ஃபில்லிடியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். பழைய பட்டியலில் ‘ஃப்ரையேரியா பிக்டா’ என்று இருந்தால் 5-ஆம் பதிலில் வந்த அதே பிக்டாதான்.

18. எல்லாக் குறியையும் பார்த்தாச்சு, எதுலயும் ஒட்டலை. புது இனமா இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் அதற்குமுன் மூன்றைச் சரிபாருங்கள். முதலில் அளவு. 2 செ.மீ.க்குக் குறைவென்றால் அது குஞ்சு. மொட்டுகள் எண்ணிக்கையில் குறைவாகவும் வரப்புகள் முழுதாகப் பிரியாமலும் இருக்கும், 2-ஆம் பதிலின் விவரணை அதற்குப் பொருந்தாது. அடுத்து காயம். மீன் கடித்த ஓரம் ஆறும்போது கோடுகள் கோணலாகச் சேரும். அதனால் ஒரு பக்கம் மட்டும் வித்தியாசமாக இருந்தால் மறுபக்கத்தை வைத்து முடிவெடுங்கள். மூன்றாவது வெளிச்சம், அது 9-ஆம் பதிலில் இருக்கிறது.

மூன்றும் சரியாக இருந்தும் ஒட்டவில்லையென்றால் ‘ஃபில்லிடியா, இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். பேரினத்தோடு நிறுத்திய பதிவு பிழையான இனப்பெயரைவிடப் பல மடங்கு பயனுள்ளது. பின்னால் பார்ப்பவர் அதைத் திறந்து படிப்பார், தப்பான பெயரையோ அப்படியே நகலெடுத்துவிடுவார். அதோடு நாள், இடம், ஆழம், நீளம், எதன்மேல் இருந்தது, பாதம் பார்த்தீர்களா இல்லையா என்ற ஆறு விவரங்களையும் சேருங்கள். ‘பாதம் பார்க்கவில்லை’ என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் கோடு இல்லை என்று படித்துக்கொள்வார்கள். சேகரித்து அனுப்ப வேண்டிய அவசியம் வந்தால் அது அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் செய்ய வேண்டிய வேலை. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறைக்கு இந்தப் படங்களையும் ஆறு விவரங்களையும் அனுப்பினால், எந்தப் பாரில் தேட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.